ஹோண்டா சி70 எஞ்சின் பிரித்தாச்சு: எந்தப் பாகத்தை எங்கே வாங்குவது?

பிடோக்_கப்சாய்:
வணக்கம். 1970களின் ஹோண்டா சி70, 6 வோல்ட், பாயிண்ட் (தீப்பொறிக்கான பழைய தொடர்பு முனை) வைத்த மாடல். நீலப்புகை, எண்ணெய் குறைகிறது, டைமிங் செயின் கிலுகிலு சத்தம். எஞ்சினை இறக்கிப் பிரித்துவிட்டேன். சிலிண்டரில் மெல்லிய கீறல் இரண்டு இருக்கிறது, நகத்தில் தட்டுகிறது. கடைகளில் "பாகம் கிடைக்காது, வேறு எஞ்சின் மாட்டு" என்கிறார்கள். ஆன்லைனில் பிஸ்டன், சிலிண்டர், கேஸ்கெட் எல்லாம் சேர்த்து ஒரே கிட்டாக மலிவாக வருகிறது. அதை வாங்கலாமா, இல்லை சிங்கப்பூரிலிருந்து ஜேபி (ஜோகூர் பாரு) போய்த் தேடலாமா?

உபி_லேத்து:
கிட் இப்போதைக்கு வேண்டாம் தம்பி. அளக்காமல் வாங்கிய பாகம்தான் இந்த வேலையிலேயே அதிகச் செலவு.

சி70 போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 47 மி.மீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 41.4 மி.மீ. புதுச் சிலிண்டர் 47.005 முதல் 47.015 வரை இருக்கும், தேய்மான எல்லை 47.05. போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் பிஸ்டன் பின் (பிஸ்டனை ராடோடு இணைக்கும் ஊசி) வாக்கில் ஒன்று, அதற்குக் குறுக்கே ஒன்று என ஆறு அளவு எடுங்கள். வெர்னியர் இதற்குப் போதாது. குறுக்கு வாக்கில்தான் தேய்மானம் அதிகம் இருக்கும். எல்லையைத் தாண்டினாலும் சிலிண்டரைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய ஹோண்டா வார்ப்பிரும்பு நல்ல தரம். ரீபோர் செய்து, அதாவது உள்ளே சற்றுப் பெரிதாகக் கடைந்து, 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ ஓவர்சைஸ் (அந்த அளவு பெரிய) பிஸ்டன் போடலாம். மலிவு கிட்டில் வரும் சிலிண்டரைவிட அது நீண்ட நாள் உழைக்கும்.

அடுத்தது கனெக்டிங் ராட், பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைப்பது. பெரிய முனையில் பக்கவாட்டு ஆட்டம் இருந்தே தீரும், 0.6 மி.மீ வரை பரவாயில்லை. ராடைப் பிடித்து நேராக மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். அங்கே ஆட்டம் கையில் தெரிந்தாலே கிராங்க் வேலை வந்துவிட்டது. அதைச் சரிசெய்யாமல் புதுப் பிஸ்டன் போட்டால் அந்தக் காசும் சேர்ந்து போகும்.

ஒரிஜினலாகத்தான் வாங்க வேண்டியவை: ஹெட் கேஸ்கெட், கிராங்க் ஆயில் சீல், பிஸ்டன் பின் சர்க்ளிப் (பின் கழலாமல் பிடிக்கும் வளையம்), வால்வு. சர்க்ளிப் சில காசுதான், ஆனால் பழையதையே மாட்டி அது கழன்றால் சிலிண்டர் முழுக்கக் கிழியும். பிஸ்டன், ரிங் நல்ல ஜப்பான் அல்லது தாய்லாந்துத் தயாரிப்பாக இருந்தால் போதும். பேரிங்கைப் பிராண்ட் பெட்டியில் தேடாதீர்கள். பழையதன் மேல் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு ஜாலான் புசார் பக்கம் பேரிங் கடையில் கேட்டாலே கிடைக்கும்.

ஈசூன்_ஸ்பேனர்:
பாகம் தேடும்போது "சி70 பிஸ்டன்" என்று தேடாமல் ஹோண்டா பாக எண்ணால் தேடுங்கள். எண்ணின் முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்று சொல்லும், அடுத்த மூன்று எந்த மாடல் என்று. 13101 ஸ்டாண்டர்டு பிஸ்டன், 13102 என்றால் 0.25 ஓவர்சைஸ், 13103 என்றால் 0.50. 12251 ஹெட் கேஸ்கெட், 12191 சிலிண்டர் அடி கேஸ்கெட், 14401 டைமிங் செயின், 14711 இன்லெட் வால்வு, 14721 எக்ஸாஸ்ட் வால்வு. சீன, தாய், இந்தோனேசிய விற்பனையாளர்களும் இந்த எண்ணைப் போட்டுத்தான் விற்கிறார்கள். எண் போடாமல் படம் மட்டும் காட்டுபவரிடம் வாங்காதீர்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பாகிஸ்தானில் ஓடும் ஹோண்டா சிடி70க்கும் அதே 47 x 41.4 அளவு. அதனால் அந்தப் பாகங்கள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. பிஸ்டன் பின்னின் விட்டம் 13 மி.மீ தானா, அதன் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை உயரம் உங்கள் பழைய பிஸ்டனோடு ஒத்துப்போகிறதா, தலை வடிவம் ஒன்றா என்று மூன்றையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். டைமிங் செயின் 25எச் வகை, 82 கண்ணி. பழையதை எண்ணிப் பார்த்துவிட்டே ஆர்டர் போடுங்கள்.

ஜேபி நல்ல இடம்தான், கப்சாய் (இந்த மாதிரிச் சின்ன மோட்டார்சைக்கிள்) பாகம் அங்கே இன்னும் ஓடுகிற சரக்கு. பழைய பாகத்தைப் பையில் எடுத்துப் போய்க் கவுன்டரில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம், ஆன்லைனில் அது முடியாது. 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளி வரைதான் ஜிஎஸ்டி விலக்கு, மீறினால் அறிவித்து 9 விழுக்காடு கட்ட வேண்டும். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தபாலில் வரவழைத்தால் 400 வெள்ளிக்கு மேல் போகும் பார்சலுக்கு இறக்குமதியின்போது வரி. அதற்குக் கீழே என்றால் பெரிய தளங்கள் விற்கும்போதே வரியைச் சேர்த்துவிடும். விலை ஒப்பிடும்போது கூரியரையும் கூட்டிப் பாருங்கள்.

தெம்பனிஸ்_72சிசி:
"வேறு எஞ்சின் மாட்டு" என்பதைக் கேட்டுவிடாதீர்கள் ப்ரோ. எஞ்சின் எண் கிராங்க்கேஸில்தான் பொறித்திருக்கிறது. பதிவில் இருக்கும் எண்ணும் வண்டியில் இருக்கும் எண்ணும் மாறினால் சோதனையில் சிக்கல், எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது. பெரிய போர் கிட்டும் அப்படித்தான், சிசி மாறிவிடும். 1.00 ஓவர்சைஸ் வரை போனாலும் 75 சிசிக்குள்தான் நிற்கும்.

உங்கள் வண்டி எந்தத் திட்டத்தில் பதிவாகியிருக்கிறது என்பதையும் காசைக் கொட்டும் முன் பாருங்கள். 2003 ஜூலை 1க்கு முன் சாதாரணமாகப் பதிவான மோட்டார்சைக்கிள்கள் சாலையில் ஓட 2028 ஜூன் 30 கடைசி நாள்.

பிடோக்_கப்சாய்:
ரொம்ப நன்றி. அளந்துவிட்டேன். மேல்பக்கம் குறுக்கு வாக்கில் 47.09, கீழே 47.03. ராடில் மேல்கீழ் ஆட்டம் இல்லை, பக்க ஆட்டம் 0.30. அப்போ 0.25 பிஸ்டன் ஆர்டர் போட்டுவிடவா?

உபி_லேத்து:
இன்னும் போடாதீர்கள். 0.25 ரீபோர் என்றால் ஒவ்வொரு பக்கமும் 0.125 மி.மீ தான் கடையும். தேய்மானம் ஒரு பக்கமாகவே விழுந்திருந்தால் அங்கே ஏற்கெனவே கிட்டத்தட்ட 0.08 போயாச்சு, கீறலைத் துடைக்க மீதி 0.045 தான். நகம் தட்டும் கீறல் அதைவிட ஆழமாக இருந்தால் தழும்பு நிற்கும், எண்ணெய் மறுபடி எரியும். சிலிண்டரைப் பட்டறைக்குக் கொண்டுபோய் "எந்த அளவில் சுத்தமாகும்" என்று கேளுங்கள். 0.50 என்று சொல்வார்கள் என நினைக்கிறேன். பிறகு பிஸ்டன் வாங்குங்கள். பிஸ்டன் கைக்கு வந்த பிறகே போர் கடைய வேண்டும், ஏனென்றால் பெட்டியில் 0.50 என்று போட்டிருந்தாலும் உண்மை அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு சற்று மாறும். பட்டறைக்காரர் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து அதற்கேற்ப இடைவெளி விட்டு, கடைசியில் ஹோனிங் (உட்சுவரை நுணுக்கமாகத் தேய்ப்பது) செய்து கொடுக்க வேண்டும்.

ரிங்கைச் சிலிண்டருக்குள் தனியாக வைத்துப் பிஸ்டனால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜில் ரிங் முனைகளின் இடைவெளி பாருங்கள்: 0.15 முதல் 0.35 மி.மீ வரை. குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும். பிஸ்டனில் "ஐஎன்" குறி இன்லெட் பக்கம், அதாவது கார்புரேட்டர் பக்கம். ரிங்கில் எழுத்து இருக்கும் பக்கம் மேலே.

ஈசூன்_ஸ்பேனர்:
பிரித்து வைத்திருக்கும்போதே கிளட்ச் மூடிக்குள் இருக்கும் சுழல் வடிகட்டியைத் திறந்து சுரண்டுங்கள். பல வருட கசடு கறுப்புக் களிம்பாக ஒட்டியிருக்கும். கீழே இருக்கும் வலை வடிகட்டியும் அப்படித்தான். இதை விட்டுவிட்டால் கேம்ஷாஃப்டுக்கு (வால்வைத் திறக்கும் தண்டு) எண்ணெய் சரியாகப் போகாது. டைமிங் செயின் மாற்றும்போது டென்ஷனர் ரப்பர் ரோலரையும் மாற்றுங்கள். அது கெட்டியாகி வெடித்திருந்தால் புதுச் செயினும் சத்தம் போடும்.

ஹெட் நட்டுகளில் ஒன்றுக்கு மட்டும் செம்பு வாஷர் வரும், எண்ணெய் பாதை ஏறும் ஸ்டட் அது. இரும்பு வாஷரோடு மாறிப் போனால் அங்கே எண்ணெய் கசியும். ஃபிளைவீலில் "டி" குறியையும் கேம் ஸ்ப்ராக்கெட்டில் "ஓ" குறியையும் ஒரே நேரத்தில் அதனதன் அடையாளத்துக்கு நேரே நிறுத்திவிட்டு, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடி இரண்டும் சேர்கிறதா பாருங்கள். எங்காவது முட்டினால் வலுக்கட்டாயமாகத் திருப்பாதீர்கள், வால்வு வளையும். வால்வு இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் இரண்டுக்கும் 0.05 மி.மீ.