பிள்ளைகளுக்குச் சின்னப் படகே போதும்

அன்பு உறவுகளுக்கு வணக்கம்.

குடும்பத்தோடு பாய்மரப் படகு ஓட்டிப் பழக ஆசை, கொஞ்சம் பெரிதாக வாங்கினால் எல்லாரும் வசதியாகப் போகலாமே என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். சின்னதாகவே பாருங்கள் தம்பி. மனதுக்கு மிகவும் நெருங்கிய விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெரிய படகில் பிள்ளைகள் வெறும் பயணிகள். சின்னப் படகில் ஒரு பிள்ளை நகர்ந்து உட்கார்ந்தாலே படகு சாயும். பாய்க்கயிற்றை ஒரு சாண் இழுத்தால் வேகம் மாறும். கை செய்வதற்குப் படகு உடனே பதில் சொல்லும். அதனால்தான் சின்ன வயதில் பழகிய படகு கடைசிவரை மறப்பதில்லை. என் அப்பா சுக்கான் பிடியை என்னிடம் கொடுத்துவிட்டு, முன்பக்கம் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும் என்று அவர் சொல்லித் தரவில்லை, என் கையே அதைக் கண்டுபிடித்தது. திரும்பிப் பார்க்காமல் இருக்க அவருக்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும் என்பது என் பிள்ளைகளைப் படகில் ஏற்றியபோதுதான் புரிந்தது.

சின்னப் படகு என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். குழந்தைகளுக்கான ஆப்டிமிஸ்ட் படகை 1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வடிவமைத்தார். நீளம் 2.3 மீட்டர், உடல் எடை 35 கிலோ, ஒரே ஒரு பாய். ஒலிம்பிக் வரை போன பலர் தொடங்கியது இதில்தான். எனக்கு இன்னும் பிடித்தது மிரர் படகின் கதை. 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் சேர்ந்து உருவாக்கியது. ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளைக் கண்ணாடி இழை நாடாவாலும் பிசினாலும் அடைத்துவிடலாம். தச்சு வேலை தெரியாத குடும்பங்கள் வீட்டிலேயே செய்து, சிவப்புப் பாயை ஏற்றித் தண்ணீரில் இறக்கின. இதுவரை 70,000க்கும் மேற்பட்ட மிரர் படகுகள் உருவாகியிருக்கின்றன. தான் பலகை பிடித்துக்கொடுத்த படகில் ஏறும் குழந்தையின் முகத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்!

சரி, பயம் இருக்கும். கவிழாதா? கவிழும். அதை முதல் நாளே, ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பழக்குங்கள். கவிழ்ந்த படகை விட்டு நீந்திப் போகக் கூடாது, அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையில் ஏறி நின்று உடம்பைப் பின்னால் சாய்த்தால் படகு நிமிர்ந்துவிடும். இதை ஒருமுறை தானே செய்த பிள்ளைக்குப் பாதி பயம் போய்விடும். லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் கட்டாயம், நன்றாக நீந்தத் தெரிந்த அப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

காற்றைப் பற்றி ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். காலையில் சுகமாக இருந்த காற்று மதியம் சற்றே ஏறினாலும் குழந்தையின் கைக்கு அது வேறு காற்று. மணிக்கு 12 முதல் 18 கிலோமீட்டர் வரை வீசினால் பழகுவதற்கு நல்லது. தண்ணீரில் ஆங்காங்கே வெள்ளை நுரை தெரியத் தொடங்கினால் கரைக்கு வந்துவிடுங்கள். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் பிள்ளைகளை இறக்கவே வேண்டாம். கரையோரம் தண்ணீர் அமைதியாகத்தான் தெரியும், ஆனால் தள்ளித் தள்ளி வெளியே கொண்டுபோய்விடும்.

படகில் பெரியவர்கள் கத்தக் கூடாது. நான் பார்த்தவரை, பிள்ளைகள் பாய்மரத்தை வெறுத்துப்போவது பெரும்பாலும் அந்தக் கத்தலால்தான், தண்ணீரால் அல்ல. பதற்றமாக இருந்தால் 'கயிற்றை விடு' என்ற ஒரு சொல் போதும். பாய் படபடத்து, படகு தானாக வேகம் குறையும்.

வாங்குவதற்கு முன் பக்கத்தில் உள்ள பாய்மரக் கழகத்தில் ஒரு பருவம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். எந்தப் படகு வேண்டும் என்று அப்போது பிள்ளைகளே சொல்வார்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்