தொடுவானத் தாழ்வா, தொடுவான இறக்கமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உயரமான இடத்தில் நின்று பார்க்கும்போது தொடுவானம் கண்மட்டத்துக்குக் கீழே தெரிகிறது அல்லவா, அந்தக் கோணத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்று நம் ஆசிரியை அம்மா கேட்டிருந்தார். அடிவானச் சரிவு, தொடுவானத் தாழ்வு, தொடுவான இறக்கம் என்று மூன்று வந்திருக்கின்றன. என் வாக்கு இறக்கத்துக்கு.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்றால் கீழே சேலம் முழுக்கத் தெரியும், வானம் தெளிந்திருந்தால் மேட்டூர் நீர்த்தேக்கம்கூடத் தெரியும். அங்கே நம் கண், சமவெளியிலிருந்து 1,100 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பூமியின் ஆரம் 6,371 கி.மீ. அப்படியானால் பார்வைக்கோடு தரையைத் தொடுகிற இடம் ஏறத்தாழ 118 கி.மீ. தள்ளி இருக்கும். கிடைக்கோட்டிலிருந்து அந்தப் பார்வைக்கோடு 1 பாகைக்குச் சற்று அதிகமாக இறங்கியிருக்கும். (காற்றில் ஒளி வளைவதால் இது கொஞ்சம் குறையும். பள்ளிக் கணக்குக்கு அதை விட்டுவிடலாம்.)

ஒரு பாகை என்றால் சின்ன விஷயமில்லை. இரண்டு சூரியனை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய உயரம் அது. மேற்கே மலை எதுவும் மறைக்காவிட்டால், அடிவாரத்தில் மறைந்த சூரியனை மேலே நிற்பவர் இன்னும் நாலு நிமிடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பிள்ளைகளுக்குக் கண்ணாலேயே காட்டவும் முடியும். கொத்தனார் மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூப் போதும். மழை விட்ட மறுநாள் காலை, மலை குறுக்கிடாத திசையைப் பார்த்து டியூபின் இரு முனைகளையும் 3 மீட்டர் இடைவெளியில் பிடிக்கச் சொல்லுங்கள். இந்த முனையின் தண்ணீர் மட்டத்தில் கண்ணை வைத்து அந்த முனையைப் பார்த்தால், அங்கே தண்ணீர் நிற்கிற மட்டத்துக்குச் சுமார் 5½ செ.மீ. கீழே தொடுவானம் தெரியும். ஸ்கேல் வைத்தே அளக்கலாம்.

இனி சொல்லுக்கு வருவோம். ‘சரிவு’ எனக்குச் சரியாகப் படவில்லை. சரிவு என்றால் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்வது. தொடுவானமோ நம்மைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஒரே அளவு இறங்கியிருக்கிறது. ‘தாழ்வு’ பிழையில்லை. ஆனால் பத்தாம் வகுப்பிலேயே ஏற்றக்கோணம், இறக்கக்கோணம் என்று படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு எதற்குப் புதிதாக ஒரு வேர்ச்சொல்?

//இறக்கக்கோணம் கீழே உள்ள ஒரு பொருளைப் பார்ப்பதற்கு உரியது, தொடுவானம் பொருள் இல்லையே// என்று தருமபுரி நண்பர் எழுதியிருந்தார். நல்ல கேள்வி. ஆனால் நாம் பார்ப்பது பூமியின் மேல் இருக்கிற ஒரு புள்ளியைத்தானே? பார்வைக்கோடு பூமிக்குத் தொடுகோடாக அமைகிற புள்ளி அது. கணக்கு கொஞ்சமும் மாறவில்லை. ‘அடிவானம்’ என்பதைவிடத் ‘தொடுவானம்’ எனக்குப் பிடிப்பதும் இதனால்தான். தொடுகோடு என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தென்மேற்கே தெரிகிற கஞ்சமலை முகட்டைத் தொடுவானம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதிலேயே விளங்கிவிடும்.

இன்னொன்று. பதினோராம் நூற்றாண்டில் அல்பிரூனி என்ற அறிஞர், இன்றைய பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தை அளந்தார். பிறகு அதன் உச்சியிலிருந்து இதே கோணத்தை அளந்தார். 34 கலை வந்தது, அதாவது அரைப் பாகைக்குச் சற்று மேல். அந்த இரண்டு அளவுகளிலிருந்தே பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். கொசைன் தெரிந்த எந்த மாணவரும் இதைச் செய்து பார்க்கலாம். ஆரத்தை, ஆரமும் மலை உயரமும் சேர்ந்த தொகையால் வகுத்தால் தொடுவான இறக்கத்தின் கொசைன் கிடைக்கும், அவ்வளவுதான். இப்படி ஒரு பாடம் நம் சேர்வராயன் மலையை வைத்தே தமிழில் வர வேண்டும் என்பது என் ஆசை.

அம்மா, ‘தொடுவான இறக்கம்’ என்றே போட்டுவிடுங்கள். ‘கோணம்’ சேர்த்தால் நீளமாகிறது, படத்தில் எழுத இடம் போதாது. அப்புறம், படம் வரையும்போது கிடைக்கோட்டைப் பார்ப்பவரின் கண்ணிலிருந்து தொடங்குங்கள். மலையடியிலிருந்து வரைந்தால் பிள்ளைகள் வேறு கோணத்தைக் குறித்துவிடுவார்கள்.