பிளவுஸ் தைச்ச காசும் ஓடிஎஸ்பியும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ

மோர்னிங்சைட் தம்பி:

மார்ச் மாதச் சனிக்கிழமைகளில எங்கட கட்டடத்துக்குக் கீழ இருக்கிற மண்டபத்தில இலவசமா ரக்ஸ், அதுதான் வருமான வரிப் படிவம், செய்து குடுக்கிறனாங்கள். வாறதில அரைவாசிப்பேர் வயசு போனவை, மற்றவை அநேகமா ஓடிஎஸ்பி, அதுதான் உடம்புக்கு ஏலாத ஆக்களுக்கு ஒன்ராறியோ அரசு குடுக்கிற மாச உதவிக் காசு, எடுக்கிற ஆக்கள். 2025 மார்ச்சில ஒரு அக்கா வந்தவ. எங்கட மாடிதான். லிஃப்ட்டில கண்டால் சிரிப்பா, அதோட சரி. முள்ளந்தண்டில ஒப்பரேசன் செய்தவ, ஒரு கதிரையில பத்து நிமிசத்துக்கு மேல இருக்க ஏலாது. கொண்டு வந்தது, எடுத்த உதவிக் காசைக் காட்டுற ரி5007 தாள் ஒண்டு மட்டும்.

கொம்பியூட்டரில அடிச்சுக்கொண்டு இருக்கேக்க நிமிர்ந்து பாத்தன். சுவெற்றரில இடப்பக்கம் நாலு குண்டூசி வரிசையாக் குத்தியிருந்தது. கழுத்தில அளவு ரேப், கழட்டி வைக்க மறந்திட்டா. நான் பாத்ததை அவவும் கண்டிட்டா. "தம்பி, ஆக்களுக்கு இடைக்கிடை பிளவுஸ் தைச்சுக் குடுக்கிறனான். கையில காசுதான். அதையும் இதில போடவேணுமோ?" எண்டு குரலைப் பதிச்சுக் கேட்டா.

"அக்கா, நீங்கள் சொன்னது எனக்குக் கேக்கேல்ல" எண்டு சொல்லிப்போட்டு அடுத்த பக்கத்துக்குப் போட்டன்.

காப்பாத்தினன் எண்டு நினைச்சன். வீட்டை வந்த பிறகுதான் அரிக்கத் தொடங்கினது. உப்பிடி ஆரும் உங்களிட்டைக் கேட்டவையோ? அல்லது நீங்கள் அந்தக் கதிரையில இருந்தனீங்களோ? என்ன செய்தனீங்கள்? பேர், ஊர், கடை வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்லுங்கோ.

பழைய சமையல்காரன்:

தம்பி, 2018, 19 இல ஒரு விழா மண்டபத்துக் குசினி என்ர பொறுப்பில இருந்தது. சனி ஞாயிறு கலியாணம், சாமத்தியவீடு எண்டு வந்தால் எட்டுப் பத்துப்பேர் மேலதிகமா வேணும். முதலாளி எப்பவும் சொல்லுறது ஒண்டு: "முதல் வெல்பெயர் ஆக்களைக் கேள், அவை வாய் திறக்காயினம்." அப்ப ஒன்ராறியோவில அடிச்சம்பளம் மணித்தியாலத்துக்கு 14 டொலர். இவைக்கு 9. காசு கவரிலதான். கவரில பேர் எழுதுறேல்ல, மூலையில பென்சிலால முதல் எழுத்து மட்டும். அதையும் வாங்கின கையோட அழிக்கச் சொல்லுவார்.

அதில ஒரு ஐயா, காது கேக்காது. வடை பொரிக்கிறதில அவரை அடிக்க ஆளில்லை. ஒருநாள் தாச்சி சரிஞ்சு முழங்கை வரைக்கும் எண்ணெய். முதலாளிதான் காரில கொண்டு போனவர். போற வழியில டொக்டரிட்டைக் காட்டுறதுக்கு ஒரு துண்டு எழுதிக் குடுக்கச் சொன்னார், வீட்டில சமைக்கேக்க சுட்டது எண்டு. எழுதினது நான்தான். ஐயா அதை வாசிச்சுப்போட்டு என்னைப் பாத்துத் தலையாட்டினவர். அவருக்கும் அதுதான் நல்லது எண்டு இரண்டுபேரும் நினைச்சம். வெளியில வந்தால் ஓடிஎஸ்பி போயிடும் எண்ட பயம்.

கையில காசு வாங்கினாலும் வேலையிடத்துக் காயத்துக்கு டபிள்யூஎஸ்ஐபி எண்ட வேலையிடக் காப்புறுதிச் சபையிட்டை நட்டஈடு கேக்கலாம் எண்டும், ஆறு மாசத்துக்குள்ள கேக்கவேணும் எண்டும் அடுத்த வருசம்தான் எனக்குத் தெரிய வந்தது. அவர் ஒளிச்சது மாசம் நானூறு டொலர். முதலாளி ஒளிச்சது என்ன எண்டு கூட்டிப் பாருங்கோ: சம்பளத்தில ஐந்து டொலர், பென்சனுக்குக் கட்டவேண்டிய பங்கு, காப்புறுதி, லீவுக் காசு. அந்த மண்டபத்தை ஒருத்தரும் களவெண்டு சொல்லேல்ல. கோயிலில முதல் காளாஞ்சி அவருக்குத்தான்.

வரிகட்டி:

இதென்ன, எல்லாரும் மூக்குச் சிந்துறியள். நானும் ஒண்டு சொல்லுறன்.

எனக்கு முன்வீட்டில வாடகைக்கு இருந்தவர், நாரி நோவெண்டு ஓடிஎஸ்பி. கோடை முழுக்க வீட்டு வாசலுகளுக்கு இன்ரலொக் கல்லுப் பதிக்கிறார். ஒரு கல்லு என்ன பாரம் எண்டு தூக்கிப் பாத்தவைக்குத் தெரியும். ஆளுக்கு உதவிக்கு இரண்டு பொடியள், கேட்டால் நாள் சம்பளத்துக்குப் பிடிச்சவராம். நான் பன்ரண்டு மணித்தியாலம் ஃபக்டரியில நிண்டு வாறன், செக்கில கழிச்ச பிறகுதான் காசு கையில வருது. என்ர மனுசிக்கு முழங்கால் தேய்ஞ்சு நடக்க ஏலாத நேரம் விண்ணப்பம் போட்டு ஒரு தரம் நிராகரிச்சவை. முறையீடு, தீர்ப்பாயம் எண்டு ஒண்டரை வருசம். அந்த நேரத்தில முன்வீட்டுக் கல்லுச் சத்தம் காதில விழேக்க எப்பிடி இருந்திருக்கும்?

ஓடிஎஸ்பி ஒஃபிசுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னனான். வெக்கப்படேல்ல.

கொட்டன்தடி:

வரிகட்டி அண்ணை, அந்த ஆள் களவெடுத்திருக்கலாம். நான் அவருக்காகக் கதைக்க வரேல்ல.

2009 இல இடுப்பில செல் துண்டு பட்டது. இரண்டு துண்டு எடுத்தாச்சு, ஒண்டு உள்ளுக்கை. ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் தேருக்கு ஒரு வருசம் போனனான். வடம் பிடிக்கவேணும் எண்டு ஆசை. தடியை மச்சானிட்டைக் குடுத்திட்டு ஒரு இருபது அடி இழுத்திருப்பன். ஆரோ படமெடுத்து அனுப்பிப்போட்டினம். ஒஃபிசில இருந்து கடிதம் வந்தது. போனால் மேசையில நான் வடம் பிடிச்சபடி சிரிச்சுக்கொண்டு நிக்கிறன். அடுத்த மூண்டு நாள் கழிவறைக்குப் போக மகன் தூக்கி விட்டது படத்தில இல்லை. நாலு மாசம் டொக்டர் கடிதம், ஸ்கான் எண்டு அலைஞ்சு கடைசியில ஒண்டும் இல்லை எண்டு விட்டினம்.

என்னைப்பற்றிச் சொன்னவரும் உங்களைப்போல உறுதியாத்தான் இருந்திருப்பார்.

அதுக்குப் பிறகு தேருக்கும் போறேல்ல. ஒரு நண்பன்ர கணக்குப் புத்தகம் பாக்கிற வேலை, கிழமைக்கு ஆறு மணித்தியாலம், முறைப்படி செக்கோட வந்தது. அதையும் விட்டிட்டன். வேலை செய்ய ஏலும் எண்டு எழுதிப்போடுவினமோ எண்டு பயம்.

சும்மா அக்கா:

நான் இருபது வருசத்துக்கு மேல மொழிபெயர்ப்பாளரா இருந்தனான். ஒஃபிஸ் நேர்காணல், தீர்ப்பாயம் எல்லாம். எனக்கு வந்த சோதினை ஒரு சொல்லால வந்தது.

சக்கர நாற்காலியில இருக்கிற ஒரு அண்ணை. பகலில என்ன செய்யிறனீங்கள் எண்டு அதிகாரி கேட்டவ. அண்ணை சொன்னார்: "தம்பியின்ர கடையில சும்மா இருக்கிறனான்."

சும்மா! வேலையில்லாமலோ, சம்பளமில்லாமலோ, பொழுது போகாமலோ? எனக்கு அந்தக் கடை தெரியும். கல்லாவில இருக்கிறது அவர்தான். பின்னேரம் போகேக்க தம்பி மடியில இருபதோ நாப்பதோ வைப்பார், அதையும் "சும்மா செலவுக்கு" எண்டு சொல்லித்தான். எங்கட தொழில் ஒழுங்கின்படி சொன்னதைச் சொல்லவேணும், கூட்டவும் குறைக்கவும் கூடாது. சொன்னதே மூண்டு அர்த்தத்தில இருந்தால்? நான் "பொழுதுபோக்குக்கு அங்கை இருக்கிறவர்" எண்டு சொன்னன். அதிகாரி எழுதிக்கொண்டா. அண்ணை எனக்கு நன்றி சொல்லேல்ல, நானும் எதிர்பாக்கேல்ல. இண்டைக்கும் அந்த வசனத்தை வேற மாதிரிச் சொல்லிப் பாக்கிறனான், நித்திரை வராத நேரத்தில.

ஆக்கள் ஏன் இப்பிடிப் பயப்பிடுகினம் எண்டு கேக்கிறவைக்கு: 2001 இல சட்பரியில கிம்பர்லி றொஜர்ஸ் எண்டொரு பெண். படிப்புக் கடனையும் சமூக உதவிக் காசையும் ஒரே நேரத்தில எடுத்ததுக்கு மோசடித் தண்டனை, ஆறு மாச வீட்டுக் காவல். 13 ஆயிரம் டொலருக்கு மேல திருப்பிக் கட்டச் சொல்லி உத்தரவு. எட்டு மாசக் கர்ப்பிணி. ஓகஸ்ட் மாச வெக்கையில அந்த வீட்டுக்குள்ளையே செத்துப்போனா. அந்தக் காலத்தில மோசடியில பிடிபட்டால் வாழ்நாள் முழுக்க உதவி இல்லை எண்ட சட்டமும் இருந்தது, பேந்துதான் எடுத்தவை. அது ஓடிஎஸ்பி இல்லை, ஒன்ராறியோ வேர்க்ஸ் எண்ட மற்ற உதவித் திட்டம். எங்கட ஆக்களுக்கு அந்த வித்தியாசம் ஆர் விளங்கப்படுத்தினது? "கொண்டுபோய் அடைச்சுப்போடுவினம்" எண்டது மட்டும் வீட்டுக்கு வீடு போனது.

பேர்ண் அக்கா:

இஞ்ச சுவிஸில இப்பிடிக் காட்டாமல் செய்யிறதுக்குப் பேர் கறுப்பு வேலை. காப்புறுதிக் காசு எடுக்கிற ஆக்களைத் துப்பறியிறவையை வைச்சுப் பாக்கலாமோ எண்டு 2018 நவம்பரில நாடு முழுக்க வாக்கெடுப்பே நடந்தது. கிட்டத்தட்ட மூண்டில இரண்டு பங்கு ஆக்கள் ஓம் எண்டு போட்டவை. எனக்கும் வாக்கு இருந்தது. என்ன போட்டனான் எண்டு சொல்லமாட்டன். அடுத்த நாள் எங்கட அண்ணி, அவ ஐவி எண்ட ஏலாத ஆக்களுக்கான காப்புறுதிக் காசு எடுக்கிறவ, யன்னல் சீலையை இழுத்து மூடிப்போட்டுத்தான் கோழிக்கறிக்கு வெங்காயம் வெட்டினவ. அவ கறுப்பு வேலையும் செய்யிறேல்ல, ஒண்டும் செய்யிறேல்ல.

மக்கோவன் றோட்:

மனுசிக்கு எம்எஸ் எண்ட நரம்பு வருத்தம். ஊசி மருந்து ஓடிஎஸ்பி தாற மருந்துக் கார்ட்டில வருது, கையால வாங்கிறதெண்டால் என்ர வருசச் சம்பளம் காணாது. அவ உழைச்சால் மாசம் ஆயிரம் டொலர் வரைக்கும் உதவிக் காசில கழிக்காயினம். நான் உழைச்சால், நான் நோயாளி இல்லாதபடியால், 200 டொலருக்கு மேல ஒவ்வொரு டொலரிலும் அரைவாசியை அவவின்ர காசில கழிப்பினம். நான் இரவு பேக்கரியில. அரைவாசி செக், அரைவாசி கையில. செக்கை மாசம் மாசம் காட்டுறன். மற்றது காட்டுறேல்ல. சரி எண்டு சொல்ல வரேல்ல. எனக்குப் பயம் காசுக்கில்லை, அந்தக் கார்ட்டுக்கு.

(ஓடிஎஸ்பியை விட்டு வேலைக்குப் போறவைக்கு மருந்துக் கார்ட்டைக் கொஞ்சக் காலம் தொடர ஒரு வழி இருக்கு எண்டு இஞ்ச ஆரோ முந்தி எழுதினவை. உண்மைதான், விசாரிச்சன். நாங்கள் இன்னும் அந்த இடத்துக்கு வரேல்ல.)

மோர்னிங்சைட் தம்பி:

எல்லாருக்கும் நன்றி, வரிகட்டி அண்ணைக்கும். அவர் சொன்னதில எனக்குக் கோவமில்லை. மனுசிக்கு ஒண்டரை வருசம் நாயா அலைஞ்ச ஆள். ஆனால் அந்த ஃபோனில முதலாளிமாரைப்பற்றி ஆரும் சொல்லுறதில்லை, பாத்தியளே.

இனி நான் தேடினதைச் சொல்லவேணும், ஏனெண்டால் சுட்டது அதுதான். 2023 பெப்ரவரிக்கு முந்தி ஓடிஎஸ்பி எடுக்கிற ஆள் உழைச்சால் 200 டொலர்தான் விலக்கு, மிச்சத்தில அரைவாசி கழிப்பினம். அதுக்குப் பிறகு மாசம் 1,000 டொலர் வரை ஒரு சதமும் கழிக்கிறேல்ல. அதுக்கு மேல வாறதில 75 வீதம் போகும். சொந்தத் தொழிலுக்கும் அதே கணக்கு, செலவு போக மிஞ்சிறதுதான். அதைவிட, உழைப்பைக் காட்டுற ஒவ்வொரு மாசமும் வேலைச் செலவுக்கெண்டு 100 டொலர் கூடத் தருவினம். அக்காவுக்குத் தையலில வாறது சாதாரண மாசத்தில முன்னூறு, ஆவணிக் கலியாணங்களுக்கு அறுநூறு. அதாவது, ஒளிச்சதால அவவுக்குத்தான் நட்டம். வருமான வரியும் கட்டவேண்டி வராது, அவ்வளவு சின்னக் கணக்கு. 2025 மார்ச்சில தனி ஆளுக்கு ஆகக் கூடினது 1,368 டொலர் தந்த இடத்தில, வாடகைக்கெண்டு அவை ஒதுக்கினது 582. பேஸ்மென்ருக்கும் காணாது. அந்த நூறு என்ன பெறுமதி எண்டு அக்காவுக்குத் தெரியும்.

கதவைத் தட்டிச் சொன்னன். முதலில "அண்டைக்கு நான் சொன்னது உனக்குக் கேக்கேல்லயெண்டு சொன்னியே" எண்டா. எனக்கு முகத்தை எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்ல. பிறகு தையல் மெசினில சாய்ஞ்சுகொண்டு, விரலில எண்ணத் தொடங்கினா, 2023 பெப்ரவரியில இருந்து. இருபத்தஞ்சாம் மாசத்தில நிப்பாட்டிப்போட்டு, "அதுக்கு முந்தினதையும் கேப்பினமோ?" எண்டா.

கேக்கலாம். முந்தின வருசங்களில 200 க்கு மேல போன மாசங்களைக் கூடக் குடுத்த காசாக் கணக்குப் பாத்து, மாசம் மாசம் கொஞ்சம் கொஞ்சமாப் பிடிப்பினம். அதால ஒஃபிசுக்குப் போக முந்தி சட்ட உதவிக் கிளினிக்கில கதைக்கச் சொன்னன், அங்கை காசு வாங்கிறேல்ல. வியாழக்கிழமை மூண்டு மணிக்கு நேரம் கிடைச்சிருக்கு. நானும் கூடப் போறன்.

போகேக்க அலுமாரிக்குள்ள இருந்து ஒரு நீலக் கொப்பி எடுத்துக் காட்டினா. 2016 இல இருந்து தைச்ச ஒவ்வொரு பிளவுசும் இருக்கு. பேர், மார்பு, இடுப்பு, கைநீளம், திகதி, வாங்கின காசு. காசு தராத ஆக்களுக்கு மட்டும் சிவப்புப் பேனையால ஒரு புள்ளி. எழுத்து அச்சு மாதிரி. எங்கட அம்மாவின்ர அளவும் அதில இருக்கு, 2019, பக்கத்தில சிவப்புப் புள்ளியும் இருக்கு.

வியாழக்கிழமை இந்தக் கொப்பியைக் கொண்டு போறதோ, வீட்டை விடுறதோ எண்டு அவ கேக்கிறா. கிளினிக்குப் போய் வந்தவை ஆரும் இருந்தால் புதனுக்குள்ள எழுதுங்கோ.