தாத்தாவின் சுங்கான்: ஒடிந்த வாய்க்குழலுக்குப் புதிது செய்ய முடியுமா?

கேள்வி (மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து):

வணக்கம். எங்கள் தாத்தா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக (கணக்கராக) இருந்தவர். துரை சீமைக்குத் திரும்பும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன சுங்கான் (புகையிலை பிடிக்கும் பைப்) ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. போன மாதம் அக்கா மகன் அதை விளையாட்டாகத் திருக, வாய்க்குழல் ஒடிந்துவிட்டது. தண்டுக்குள் நுழையும் முளை உள்ளேயே நின்றுவிட்டது. கறுப்பாக இருந்த குழலும் இப்போது பச்சை கலந்த பழுப்பாகிக் கிடக்கிறது. ஒரு கடையில் கேட்டால், அக்ரிலிக்கில் புதுக்குழல் போட 180 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார்கள். நான் புகைப்பதில்லை. அப்பாவின் 80வது பிறந்தநாளுக்கு அவர் கையில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். என்ன செய்யலாம்?

பதில் 1 (கோலகங்சார், ஓய்வு பெற்ற ஃபிட்டர்):

தம்பி, அந்தக் கடையில் கொடுத்துவிடாதீர்கள். ஒடிந்தது முளை மட்டும்தான். குழலை அப்படியே வைத்துக்கொண்டு முளையை மட்டும் மாற்றலாம்.

நான் 31 வருடம் தோட்டத்து ஆலைப் பட்டறையில் வேலை பார்த்தேன். அந்தக் கறுப்புக் குழல் எபோனைட். நம் அப்பா அம்மா வெட்டிய அதே ரப்பர் பால்தான்; நூற்றுக்கு 30 பங்கு போல கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் கொம்பு மாதிரி இறுகிவிடும். வெயிலும் காற்றும் பட்டால் மேல்பரப்பு கெட்டுப் பச்சையாகிறது. 1877இல் மலாயாவுக்கு வந்த ரப்பர் கன்றுகளில் சிலவற்றை எங்கள் ஊரில்தான் நட்டார்கள். அந்தப் பாலில் செய்த பொருளைக் கழற்றிப் போட்டுவிட்டு அக்ரிலிக் மாட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

முதலில் சுங்கானை ஒரு பையில் கட்டி அரை மணி நேரம் ஃபிரீசரில் வையுங்கள். முளை கொஞ்சம் சுருங்கும். பிறகு ஒல்லியான மரத்திருகாணியை முளையின் காற்றுத் துளையில் கையாலேயே திருகுங்கள். பிடித்ததும் நிறுத்திவிடுங்கள். மேலும் முறுக்கினால் முளை விரிந்து தண்டு பிளந்துவிடும். திருகாணியின் தலையைக் குறட்டால் பிடித்து நேராக, மெதுவாக இழுங்கள். வரவில்லையா, மறுபடி ஃபிரீசர். அவசரம் கூடாது.

புது முளைக்கு டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக் கம்பி நல்லது; வழுக்கும், சட்டென்று ஒடியாது. குழலின் ஒடிந்த முகத்தை அரத்தால் சமமாக்கி, காற்றுத் துளையை 4, 5, 6 மில்லி என்று படிப்படியாகப் பெரிதாக்குங்கள். கை டிரில் வேண்டாம், சாய்ந்துவிடும். ஸ்டாண்டில் பூட்டிய டிரில்லில் மிக மெதுவாக ஓட்டுங்கள். டெல்ரினில் பசை சுலபத்தில் ஒட்டாது. பசைக்குள் போகும் பகுதியைச் சுற்றி நாலைந்து கீறல் போட்டு எப்பாக்ஸி தடவுங்கள். வாஸ்லின் பூசிய பைப் கிளீனரைக் (பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) காற்றுத் துளையில் விட்டுவையுங்கள், பசை உள்ளே அடைக்காது. தண்டின் வாயில் மெழுகு தேய்த்து, குழலைத் தண்டில் பொருத்திய நிலையிலேயே காய விட்டால் நேராக நிற்கும்.

பச்சை போக 400, 600, 1000, 2000 என்ற எண்ணுள்ள உப்புத்தாளை வரிசையாகத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். பழுப்புச் சேறு வரும், கந்தகம் நாறும், பயப்பட வேண்டாம். காய்ந்த தூசை மட்டும் மூச்சில் இழுக்கக் கூடாது. வெந்நீரில் ஊற வைக்காதீர்கள். நான் ஒருமுறை வைத்து, நல்ல கறுப்புக் குழல் காவி நிறமாகிவிட்டது. குழலும் தண்டும் சேரும் விளிம்பு மழுங்காமல் இருக்க, பழைய பிளாஸ்டிக் மூடியில் வட்டம் வெட்டி இரண்டுக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2 (தைப்பிங்):

புகையிலை வைக்கும் கிண்ணத்தைப் பற்றி நான் சொல்கிறேன், என் அப்பாவின் இரண்டு சுங்கானைச் சுத்தம் செய்த அனுபவம். உள்ளே கரி தடித்திருந்தால் மரம் தெரியும் வரை சுரண்டாதீர்கள், 1 மில்லி விட்டுவையுங்கள். பஞ்சை நிரப்பி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஊற்றி ஓர் இரவு வைத்தால் பழைய புகையிலைக் கசடு பஞ்சில் ஏறிவிடும். வெளியே மட்டும் ஒரு சொட்டும் படக் கூடாது, பாலிஷ் போய்விடும். தண்டில் ஏதாவது எழுத்துக் குத்தியிருந்தால் அந்த இடத்தைத் தேய்க்கவே வேண்டாம்.

குழலைப் பல்லால் கடிக்கும் முனையான கடிவாயில் பல் தடம் இருக்குமே, அதை லைட்டர் சூட்டில் லேசாகக் காட்டினால் மேலே எழும்பி மறைந்துவிடும்.

பதில் 1 மீண்டும்:

தைப்பிங் அக்கா சொல்வது சரி, எழும்பும். ஆனால் தம்பி, அது தாத்தாவின் பல். பிறந்தநாள் அப்பாவுக்கு. அவரைக் கேட்காமல் அதை அழிக்காதீர்கள். உப்புத்தாளையும் அந்தப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:

ஐயா, மூன்றாவது தடவை ஃபிரீசரில் வைத்ததும் முளை வந்துவிட்டது! தண்டில் கீறல் இல்லை. கடிவாயில் இடது பக்கம் இரண்டு பள்ளம் இருக்கிறது. தாத்தாவுக்கு வலது பக்கம் கடைவாய்ப் பல் கிடையாது என்று அம்மா சொன்னார். அதைத் தொடப் போவதில்லை. தண்டின் துளை 8 மில்லி. கடையில் 10 மில்லி டெல்ரின்தான் இருக்கிறது. அரத்தால் குறைக்கலாமா?

பதில் 1:

அரத்தால் உருட்டு வராது. வாங்கி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுங்கானோடு வாருங்கள், என் லேத்தில் கடைந்து தருகிறேன். வெர்னியரில் அளந்து 8.1இல் நிறுத்தி, மிச்சத்தை உப்புத்தாளால் இறுக்கம் பார்த்துப் பார்த்துக் குறைப்போம். அப்பாவுக்கு இப்போதே சொல்லிவிடாதீர்கள்.