லேவரா, சாம்ப்ராஸா, ஜோகோவிச்சா: கேலரியில் கிடைத்த பாடம்

டென்னிஸில் எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆள் யார் என்று பலரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அதில் என் வாயை அடைத்தவர் ஒருவர்தான். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

2008 ஜனவரி, நுங்கம்பாக்கம் ஸ்டேடியம், சென்னை ஓப்பன் அரையிறுதி. நடாலும் மோயாவும், இருவருமே மயோர்கா தீவுக்காரர்கள். மூன்று செட்டும் 6-6 என்று சமமாகி டைபிரேக்கில்தான் முடிந்தன. ஏறக்குறைய நான்கு மணி நேரம். இன்னும் ஒரே புள்ளி போனால் தோல்வி என்ற மேட்ச் பாயிண்ட்களைக் காப்பாற்றி நடால் ஜெயித்தார். (அடுத்த நாள் இறுதியில் கால் நகரவில்லை, யூஸ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார்.)

செட்டுகளுக்கு நடுவே நானும் நண்பனும் வழக்கமான சண்டையில் இருந்தோம். நான் அமெரிக்காவின் சாம்ப்ராஸ் கட்சி: 14 கிராண்ட்ஸ்லாம் (ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, அமெரிக்க ஓப்பன்கள், விம்பிள்டன் என்ற நான்கு பெரிய போட்டிகளின் பட்டங்கள்). அவன் பெடரர் கட்சி: அப்போதே 12. ஜோகோவிச் பெயர் பேச்சில் வரவே இல்லை. அவருடைய முதல் பட்டமே அந்த மாதக் கடைசியில் மெல்போர்னில்தான் வந்தது.

பக்கத்து இருக்கைப் பெரியவர் திரும்பினார். "தம்பி, சாம்ப்ராஸ் யாரோட ரெக்கார்டை முறியடிச்சார், சொல்லுங்க."

"எமர்சன்."

"உங்க சண்டையில அந்தப் பேரே வரலையே, ஏன்?"

பதில் இல்லை. அவரே சொன்னார். ஆஸ்திரேலியாவின் ராய் எமர்சனுக்கு 12 பட்டங்கள். அதில் 10, 1963க்கும் 1967க்கும் இடையில் வந்தவை. அந்த ஐந்து வருஷமும் அதே நாட்டு ராட் லேவர் தொழில்முறை ஆட்டக்காரர். பணம் வாங்கி ஆடுபவர்களுக்கு அப்போது கிராண்ட்ஸ்லாம் கதவு மூடியிருந்தது. 1968இல் கதவு திறந்தது; 1969இல் லேவர் நான்கு பட்டங்களையும் ஒரே வருஷத்தில் எடுத்தார். ஏற்கெனவே 1962இலும் எடுத்தவர்தான்.

"அப்போ லேவர்தான் பெரிய ஆளா சார்?" என்றான் நண்பன்.

"அதுவும் அவ்வளவு சுலபம் இல்ல. 1962ல ரோஸ்வால், ஹோட், கொன்சாலஸ் மாதிரி பெரிய ஆட்டக்காரங்க எல்லாம் தொழில்முறைப் பக்கம் இருந்தாங்க. அடுத்த வருஷம் இவர் அங்க போனதும் ரோஸ்வால்கிட்டயும் ஹோட்கிட்டயும் நல்லா அடி வாங்கினார்."

அப்புறம் அவர் போன இடம் நம்ம ஊர் கிருஷ்ணன். 1961 விம்பிள்டன் காலிறுதியில் எமர்சனை நேர் செட்களில் வீழ்த்திய ராமநாதன் கிருஷ்ணன், அரையிறுதியில் இதே லேவரிடம் தோற்றார். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்ததை நேற்று நடந்ததுபோலச் சொன்னார். ஆட்டம் மறுபடி தொடங்கியதால் பேச்சு அறுந்தது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அதற்குப் பிறகு வெறும் எண்ணிக்கையை நீட்டுபவர்களிடம் நான் சுவீடனின் பியோர்ன் போர்கை நீட்டுவேன். 11 பட்டங்கள் வென்ற மனிதர் ஆஸ்திரேலியாவுக்கு ஆடப் போனது ஒரே ஒரு முறை, 1974இல். அந்தக் காலத்தில் முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் அங்கே போவதே இல்லை. கிராண்ட்ஸ்லாம் எண்ணிக்கையை ஒரு பந்தயமாகப் பார்ப்பது பெரும்பாலும் சாம்ப்ராஸ் காலத்தில் வந்த பழக்கம்.

இன்னொரு ரகம், என் அலுவலகத்து பெடரர் பக்தர். 2019 விம்பிள்டன் இறுதிப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். கையில் இரண்டு மேட்ச் பாயிண்ட், மொத்தப் புள்ளிகளிலும் 218-204 என்று பெடரர்தான் மேலே. ஆனால் கோப்பை ஜோகோவிச்சுக்கு. அவரிடம் நான் வாதாடுவதில்லை, பாவம்.

சரி, என் கணக்கு. அவரவர் காலத்து எதிராளிகளை எவ்வளவு ஜெயித்தார்கள் என்று மட்டும் பார்க்கிறேன். ஜோகோவிச் நடாலோடு மோதியதில் 31 வெற்றி, 29 தோல்வி; பெடரரோடு 27-23. நான்கு கிராண்ட்ஸ்லாமையும் தலா மூன்று முறையாவது எடுத்திருக்கிறார், மொத்தம் 24. உலகத் தரவரிசை முதலிடத்தில் 428 வாரம். அவர் ஆட்டம் எனக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம். இரண்டாவது லேவர், அதுவும் 1962ஐ விட்டுவிட்டு 1969க்காக மட்டும். மூன்றாவது நடால். பாரிஸில் நடக்கும் பிரெஞ்சு ஓப்பனில் மட்டும் 14 பட்டம் என்பதை எந்தக் காலத்து ஆளோடும் ஒப்பிட முடியவில்லை.

பெடரர் நான்காவதா என்று கேட்டு வருபவர்கள், போர்கை எங்கே வைப்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.