அருகில் இருப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் வேறொருவர்: மனநல மருத்துவமனைப் பணியமைப்பு குறித்து ஒரு கேள்வி

செவிலியர் மாணவி:
மனநல மருத்துவமனை ஒன்றில் இரண்டு மாதங்களாகப் பயிற்சி பெற்று வருகிறேன். மருத்துவர் ரவுண்ட்ஸ் வரும்போது ஒரு நோயாளியிடம் நின்று பேசுவது சில நிமிடங்களே. நாள் முழுவதும் அவர்களுடனேயே இருக்கும் வார்டு உதவியாளர்களோ அந்நேரத்தில் வாசலருகே ஒதுங்கி நிற்கிறார்கள். அவர்களிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை. இது ஆள் பற்றாக்குறையால் நேர்வதா, பணியமைப்பே இவ்வாறுதான் வகுக்கப்பட்டுள்ளதா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற செவிலியர்:
ஆள் பற்றாக்குறை உண்மைதான் மகளே, ஆனால் அது மட்டுமே காரணமன்று. பணி மாறும்போது நாங்கள் கைமாற்றிய பேரேட்டில் தலைக்கணக்கு, சாவிகள், போட்ட ஊசிகள் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருந்தன. நோயாளி என்ன சொன்னார் என்பதற்கு இல்லை. ஒருவர் தப்பிவிட்டால் விளக்கம் கேட்பார்கள். மாதக்கணக்கில் வாய் திறக்காமல் கிடந்தால் கேட்கமாட்டார்கள். எங்கள் வார்டில் ஒரு பெரியவர் காலை இட்லியைத் தொடவேமாட்டார். ‘உணவு மறுக்கிறார்’ என்று மூன்று நாள் நானேதான் எழுதினேன். மருந்தின் அளவும் மாற்றப்பட்டது. காக்கைக்கு ஒரு விள்ளல் வைக்காமல் அவர் உண்பதில்லை என்பதும், வலையடித்த சன்னலில் அதற்கு வழியில்லை என்பதும் பெருக்க வந்த உதவியாளருக்கு முதல் நாளே தெரிந்திருந்தன.

சமூகவியல் ஆய்வாளர்:
இத்தாலியின் கொரிட்சியா மருத்துவமனைக்கு 1961இல் இயக்குநராக வந்த மனநல மருத்துவர் பிராங்கோ பசாலியா, நோயாளிகளைக் கட்டிவைத்ததைப் பதியும் ஏட்டில் கையெழுத்திட மறுத்தார். நோயாளிகளும் செவிலியர்களும் மருத்துவர்களும் ஒன்றாக அமர்ந்து பேசும் கூட்டங்களையும் நடத்தினார். 1971இல் ஏறத்தாழ 1,200 பேர் இருந்த அந்நாட்டின் திரியெஸ்தே நகர மருத்துவமனையிலும் இதே வழியைத் தொடர்ந்தார். மேலதிகாரம் என்ற படிக்கட்டைத் தகர்க்க அவருக்கும் அதன் உச்சிப்படி தேவைப்பட்டது என்பதை அவரைப் போற்றுவோர் பெரிதாகப் பேசுவதில்லை. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், கட்டிவைக்க நேர்ந்தால் காரணத்தையும் கால அளவையும் உடனே பதிய வேண்டும் என்கிறது; உதவியாளரின் சொல் எந்த ஏட்டில் ஏறும் என்பதற்கு விடை அதில் இல்லை.

நோயாளி ஒருவரின் சகோதரர்:
வேலூர் சி.எம்.சி.யின் மனநலப் பிரிவில் குடும்பத்தார் ஒருவர் நோயாளியுடனேயே தங்குவது வழக்கம். செவிலியர் அம்மா குறிப்பிட்ட காக்கை விவரத்தை அங்கே மனைவியோ மகனோ முதல் நாளே சொல்லியிருப்பார். ஆனால் வந்து பார்க்க ஆளில்லாமல் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டவர்களுக்கு வார்டு உதவியாளரைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

செவிலியர் மாணவி:
பேரேட்டில் ‘நோயாளி சொன்னது’ என்று ஒரு கட்டம் சேர்க்க வார்டு பொறுப்பாளரிடம் கேட்கலாமா?

ஓய்வுபெற்ற செவிலியர்:
தாராளமாகக் கேளுங்கள். ஆனால் பேரேடு கைமாறும் நேரத்தில் உதவியாளரும் உடன் நிற்காவிட்டால், ஒரே வாரத்தில் அந்தக் கட்டம் முழுவதும் ‘நலம்’ என்றே நிரம்பிவிடும்.