அங்க அடையாளம்

என் இடது கன்னத்தில், கண்ணுக்குச் சற்றுக் கீழே தொடங்கித் தாடை வரை, கருஞ்சிவப்பாக ஒரு மறு பிறவியிலேயே உண்டு. புதிதாகப் பார்ப்பவர்கள் அதைத் தீக்காயம் என்றே நினைப்பார்கள், "பால் கொட்டிடுச்சாம்மா?" என்று பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவர்கள் கேட்டதற்குக் கணக்கில்லை. பிறந்ததிலிருந்தே இருக்கிறது என்றால் பெரும்பாலோர் அதோடு விட்டுவிடுவார்கள். விடாதவர்கள் வைத்தியம் சொல்வார்கள்.

எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட காரணம் வேறு. 1980 பிப்ரவரி 16 அன்று சூரிய கிரகணம். என்னைச் சுமந்துகொண்டிருந்த அம்மா, கொடியில் கிடந்த துணியை எடுக்க முற்றத்துக்கு வந்தவர், கன்னத்து வியர்வையைக் கையால் துடைத்தாராம். ஜூலையில் நான் பிறந்ததும் பாட்டி சொன்ன முதல் வார்த்தை, "அன்னிக்கே சொன்னேன், கேட்டாளா?"

பத்தாம் வகுப்பில், சான்றிதழுக்காக ஆளுக்கு இரண்டு அங்க அடையாளங்களைக் குறித்துக்கொண்டார்கள். வகுப்பே கையையும் கழுத்தையும் திருப்பித் திருப்பி மச்சம் தேடிக்கொண்டிருந்தது; கிடைக்காதவர்கள் முழங்கால் தழும்பைக் காட்டினார்கள். என் முறை வந்தபோது ஆசிரியை என் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல், "கையைக் காட்டும்மா" என்றார். முழங்கைக்குக் கீழே கடுகளவு இருந்த மச்சத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டாவதைத் தேடி மற்றக் கையைப் புரட்டினார். அவர் பரிவோடுதான் அப்படிச் செய்தார் என்பது அப்போதே எனக்குப் புரிந்தது. ஆனால் நாற்பது பேர் பார்த்திருக்க, எல்லோர் கண்ணிலும் படும் ஒன்றை நாங்கள் இருவர் மட்டும் இல்லாததுபோல் பாவித்துக்கொண்டிருந்தது தாங்கவில்லை. "இடது கன்னத்துல இருக்கிறதையே எழுதுங்க டீச்சர்" என்றேன். குரல் நடுங்கியது. அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, எழுதியிருந்ததை அடித்து, அதையே முதல் அடையாளமாக எழுதினார்.

அதன் பிறகு இதில் நான் விட்டுக்கொடுத்ததில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கப் படம் எடுத்தபோது, ஸ்டுடியோக்காரர் கேட்காமலேயே கணினியில் கன்னத்தை வெளுத்து, "நீட்டா பண்ணிட்டேன்க்கா" என்று நீட்டினார். மறுபடி அச்சிடச் சொன்னேன். அதற்கும் பணம் வாங்கிக்கொண்டார். கோர்பசேவின் தலையில் இருந்ததும் இதே வகை மறுதான். தொடக்கத்தில் சோவியத் அதிகாரபூர்வப் படங்களில் அதை அழித்தே அச்சிட்டார்கள். ஒரு வல்லரசின் தலைவருக்கே அந்தக் கதி!

மருத்துவர்கள் இதைப் போர்ட் ஒயின் ஸ்டெயின் என்கிறார்கள். 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 3 பேருக்கு, தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்திருப்பதால் இது உண்டாகிறது. லேசர் சிகிச்சையில் பலருக்கு நிறம் வெளிறும்; சுவடே இல்லாமல் போவது அரிது. மேலிமையிலோ நெற்றியிலோ இருக்கும் குழந்தைகளுக்குக் கண் அழுத்தத்தைப் பரிசோதிப்பது அவசியம் என்பதை மட்டும் பெற்றோர் மறந்துவிடக் கூடாது.

கரு வளரும்போது ஒரு செல்லின் ஜிஎன்ஏக்யூ மரபணுவில் தானாக நேரும் மாற்றமே பெரும்பாலும் இதற்குக் காரணம் என்று 2013இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்தச் செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மடித்துக்கொண்டிருந்த புடவையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப துணி எடுத்ததால இல்லையா?" என்று இரண்டு முறை கேட்டார். பாட்டி இறந்து அப்போது பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.